திருகோணமலை வெயிலும் வீட்டு வரைபடமும்

திருகோணமலையில் புதிதாக வீடு கட்ட நினைப்பவர்களிடம் சூழலுக்கு இசைவான கட்டடம் என்று பேச்செடுத்தால், கூரைமேல் பொருத்தும் சூரியத் தகட்டின் விலை என்ன, மின்சார சபை அலகுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பவையே முதற் கேள்விகளாக வருகின்றன. அந்தக் கேள்விகளில் தவறில்லை. ஆனால் ஒரு கட்டடம் தன் வாழ்நாள் முழுவதிலும் சூழலுக்கு ஏற்படுத்தப்போகும் பாதிப்பின் பெரும்பகுதி, தகடு பொருத்த வருபவர் ஏணி சாத்துவதற்கு வெகுமுன்பே, வரைபடம் கீறும் மேசையில் முடிவாகிவிடுகிறது. எத்தனை சதுர அடி, நீளப்பக்கம் எந்தத் திசை, சுவர் எதனால், கூரை எதனால் என்ற முடிவுகளைக் கட்டி முடித்த பிறகு மாற்றுவது மிகக் கடினம். இவற்றுள்ளும் இந்த ஊரின் வெயிலுக்கும் காற்றுக்கும் முதலிடம் பெறுவது கூரைதான் என்பதும், நாம் இன்று விரும்பிப் போடும் தட்டையான கொங்கிறீட் கூரை இரண்டு பக்கக் கணக்கிலும் நட்டமாகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு பக்கக் கணக்கு என்பது இதுதான். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2022 இல் வெளியிட்ட அறிக்கை, அதற்கு முந்திய ஆண்டில் உலகின் சக்திப் பாவனையோடும் தொழிற்செய்முறைகளோடும் தொடர்புடைய காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 37 சதவீதம் கட்டடங்களையும் கட்டுமானத்தையும் சார்ந்தது என்று கணித்தது. இதில் ஒரு பகுதி, கட்டிய பின் அங்கு வாழ்வதற்காக எரிக்கப்படும் சக்தி: குளிரூட்டல், வெளிச்சம், சமையல், சுடுநீர். மற்றப் பகுதி, கட்டடம் எழும் முன்பே சீமெந்து, கம்பி, செங்கல், கண்ணாடி ஆகியவற்றை ஆக்குவதற்காக வெளியேறிவிட்டது. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் செலவே பெரிது என்பதால் அந்நாட்டு நூல்கள் முதற் பகுதியை அழுத்திப் பேசுகின்றன. மின்விசிறியோடும் சில மின்குமிழ்களோடும் வாழ்க்கை நடக்கும் நம் சாதாரண வீட்டிலோ, பொருள்களுக்குள் அடங்கிக் கிடக்கும் காபனின் பங்கு ஒப்பீட்டளவில் பெரியது. அந்த வீட்டுக்குள் குளிரூட்டி நுழைந்த நாளிலிருந்து முதற் பகுதியும் ஏறத் தொடங்குகிறது. ஆகவே வெளிநாட்டுப் பசுமைச் சான்றிதழின் அளவுகோலை அப்படியே எடுத்து உப்புவெளியில் நிற்கும் வீட்டின்மேல் வைத்துப் பார்ப்பது பயன் தராது.

ஓர் உத்தேசக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1,000 சதுர அடி வீட்டுக்கு ஐந்து அங்குலத் தடிப்பில் கொங்கிறீட் தட்டுப் போட்டால் கொங்கிறீட்டின் கனவளவு ஏறத்தாழ 11.8 கனமீற்றர். கனமீற்றருக்கு 330 கிலோ என்று வைத்தாலே 3.9 தொன் சீமெந்து, அதாவது 75 பைகளுக்கு மேல் வேண்டும். கம்பி ஏறத்தாழ ஒரு தொன். கலப்பில்லாத போட்லண்ட் சீமெந்து தொன்னுக்கு 0.85 தொன் அளவிலும், இரும்பு தொன்னுக்கு ஏறக்குறைய இரண்டு தொன் அளவிலும் காபனீரொட்சைட்டை வெளியேற்றுகின்றன என்ற பொதுவான மதிப்பீட்டை வைத்தால், அந்த ஒரு தட்டு மட்டும் ஐந்து தொன்னைத் தாண்டுகிறது. வளைகளும் தூண்களும் இதில் சேரவில்லை. இலங்கையர் ஒருவர் ஓராண்டில் எரிபொருள் வழியாக வெளியேற்றும் சராசரி அளவு ஏறத்தாழ ஒரு தொன்தான் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஓராண்டு வாழ்ந்து வெளியேற்றுவதைக் கூரை ஒரே நாளில் வாங்கிக்கொள்கிறது என்பது விளங்கும். ஓட்டுக்கும் சூளை எரிய வேண்டும், அதற்கும் மரம் வேண்டும். ஆயினும் அதே பரப்பை மூடும் ஓட்டுக் கூரையின் கணக்கு இதைவிடக் கணிசமாகக் குறைவு.

சீமெந்தின் கணக்கு ஏன் இவ்வளவு ஏறுகிறது என்பதற்கு எரிபொருள் மட்டும் காரணமல்ல. சுண்ணாம்புக் கல்லைக் களியோடு சேர்த்து 1,450 செல்சியஸ் அளவில் சுடும்போது, கல்லிலிருக்கும் கல்சியம் காபனேற்று பிரிந்து சுண்ணாம்பும் காபனீரொட்சைட்டும் ஆகிறது. கிளிங்கர் எனப்படும் இந்தச் சுட்ட கட்டியை ஆக்கும்போது வெளியாகும் வாயுவில் பாதிக்கு மேற்பட்டது இப்படிக் கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. உலையை விறகாலோ உமியாலோ எரித்தாலும் அந்தப் பங்கு குறையாது. திருகோணமலைக்கு இதில் ஒரு தனி நிலை உண்டு. சீனன்குடாவில் உள்ள டோக்கியோ சீமெந்து ஆலை கப்பலில் வந்திறங்கும் கிளிங்கரை அரைத்துச் சீமெந்தாக்குகிறது. சுடும் வேலை வேறு நாட்டில் முடிந்துவிடுவதால் புகையும் அந்நாட்டின் கணக்கில் எழுதப்படுகிறது. காங்கேசன்துறை ஆலை 1990 இல் நின்றுபோன பிறகு, தமிழர் வாழும் வடக்கிலும் கிழக்கிலும் சுண்ணாம்புக் கல்லைச் சுட்டுச் சீமெந்து செய்யும் ஆலை எதுவும் இல்லை. நம் கண்ணுக்கு முன் புகைபோக்கி இல்லாததால் சீமெந்து ஒரு சுத்தமான பொருள் போலத் தோன்றுகிறது; அது வெறும் தோற்றம்.

இங்கே வாங்குபவரின் கையில் இருக்கும் எளிய தெரிவு ஒன்றுண்டு. பையின்மேல் இலங்கைக் கட்டளை (SLS) எண் 107 என்று இருந்தால் அது சாதாரண போட்லண்ட் சீமெந்து. 1247 என்று இருந்தால் அது கலப்புச் சீமெந்து. கிளிங்கரின் ஒரு பகுதிக்குப் பதிலாக அனல்மின் நிலையத்தின் பறக்கும் சாம்பல் போன்றவை சேர்க்கப்பட்டது. நுரைச்சோலையில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பல் இதற்குப் பயன்படுகிறது. கலப்புச் சீமெந்து வலுவேறச் சில நாட்கள் கூடுதலாக எடுக்கும் என்பதால் பலகை கழற்ற அவசரப்படும் மேசன்மார் அதை விரும்புவதில்லை. கடற்காற்றில் கலந்துவரும் உப்பு கம்பியை அடைவதை அது நன்றாகவே தடுக்கிறது. இந்தக் கரையோர ஊரில் அதற்காகவே அதைத் தேர்ந்தெடுக்கலாம். காபன் குறைவது கூடக் கிடைக்கும் இலாபம்.

இனி, கட்டிய பின் வரும் கணக்கு. மாடியில்லாத வீட்டின் உட்புறத்துக்கு வரும் வெப்பத்தில் பெரும்பங்கு கூரை வழியாகத்தான் இறங்குகிறது. சுவர் ஒரு வேளை வெயிலை வாங்கினால் மற்ற வேளை நிழலில் நிற்கிறது. கூரை விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வாங்குகிறது. உச்சிப்பொழுதில் சதுர மீற்றர் ஒன்றின்மேல் விழும் கதிர் 1,000 வொட்டை நெருங்கும். ஐந்து அங்குலக் கொங்கிறீட் அந்த வெப்பத்தை உள்ளே வாங்கி, மூன்று நான்கு மணித்தியாலம் பிந்தி அடிப்பக்கத்தில் வெளிவிடத் தொடங்குகிறது. மதியத்து வெயில் மாலையில்தான் அறைக்குள் வருகிறது. இரவு படுக்கப் போகும் நேரத்திலும் தட்டு நம் தோலைவிடச் சூடாக இருக்கிறது. மின்விசிறி அந்தத் தட்டின் கீழ்த் தேங்கிய சூட்டையே கீழே தள்ளுகிறது. பக்கத்து வீட்டின் பழைய ஓட்டுக் கூரையோ பொழுது சாய்ந்த ஒரு மணித்தியாலத்துக்குள் ஆறிவிடுகிறது. ஓட்டின் இடுக்குகள் வழியாகச் சூடான காற்றும் மேலே போய்விடுகிறது.

குளிரூட்டி வாங்கும் முடிவு பெரும்பாலும் இந்த இரவு வெக்கையில்தான் பிறக்கிறது. சூரியத் தகட்டால் இதைச் சரிக்கட்ட முடியாததும் அதனால்தான். நாட்டின் மின்தேவை உச்சத்தைத் தொடும் நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை, தகடு அந்நேரம் உறங்குகிறது. 2016 செப்டெம்பரில் தொடங்கிய அரச திட்டத்துக்குப் பிறகு கூரைத் தகடுகள் வேகமாகப் பெருகின. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடந்ததால் பகல் தேவை விழுந்துபோக, கூரைத் தகடு வைத்திருப்போர் பிற்பகல் 3 மணிவரை அவற்றை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. பகலில் மிதமிஞ்சிக் கிடக்கும் மின்சாரத்தைக் கொடுத்து, இரவில் எண்ணெய் எரித்து ஆக்கும் மின்சாரத்தை வாங்குவது ரூபாய்க் கணக்கில் சமன் ஆகலாம். புகைக் கணக்கில் ஆகாது. சம்பூரில் நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டு, அவ்விடத்துக்கு 120 மெகாவொட் சூரிய மின்திட்டம் வந்திருப்பது நல்ல செய்திதான். ஆனால் அதுவும் பகலுக்குரியது. இரவில் குளிரூட்டி தேவைப்படாத படுக்கையறையைக் கட்டுபவர், மின்சேமிப்புக் கலன் வாங்கியவர் செய்யும் உதவியை வலையமைப்புக்குச் செலவின்றிச் செய்கிறார்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, மக்கள் ஏன் தட்டையான கூரையை விரும்புகிறார்கள் என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். அது அறியாமையாலோ படாடோபத்தாலோ மட்டும் வந்ததல்ல. கிழக்கிலே பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்தே கலியாணம் நடக்கிறது. இரண்டு பெண்களைப் பெற்றவருக்கு நகரத்தில் இரண்டாவது காணி வாங்கும் வசதி இல்லாதபோது, மேலே ஒரு வீடு எழுப்பும் வாய்ப்பே அவருக்கு இருக்கும் ஒரே வழி. அதற்காகவே தூண்களின் கம்பிகள் கூரைக்கு மேல் நீட்டி விடப்படுகின்றன. அடுத்த காரணம் புயல். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. அதற்கு முந்திய புயல்களைக் கண்ட முதியோரும் ஊரில் இருக்கிறார்கள். ஓடு பறக்கும், தகரம் பறக்கும், தட்டு பறக்காது என்ற எண்ணத்தைப் பிழை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே தட்டையே போடாதீர்கள் என்று அறிவுரை சொல்வதை விட, மேல்மாடி உண்மையில் எழுமா என்று வரைபட நிலையிலேயே வீட்டார் கூடிப் பேசித் தீர்மானிப்பது நல்லது. எழாது என்றால் தட்டுக்குத் தேவையில்லை. எழும் என்றால், எழும்வரை அத்தட்டை வெயிலில் காய விடக் கூடாது.

காயவிடாமல் காப்பதற்கு மலிவான வழி வெள்ளைப் பூச்சு. பழகிப்போன சாம்பல் நிறக் கொங்கிறீட் தன்மேல் விழும் கதிரில் மூன்றில் ஒரு பங்கு அளவையே திருப்பி அனுப்பும். புதிதாக வெள்ளையடித்த பரப்பு நான்கில் மூன்று பங்கு அளவை அனுப்பிவிடும். மாரி மழைக்குப் பிறகு பாசி ஏறிக் கறுத்துவிடுவதால், ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கூரைக்கும் ஒரு பூச்சு அடிப்பதை வழக்கமாக்கினால் போதும். அதைவிடச் சிறந்தது தட்டுக்கு மேலே ஆளுயரத்தில் குழாய்த்தூண் நிறுத்தி இரண்டாவது கூரை போடுவது. வெயிலை மேற்கூரை வாங்கிக்கொள்ள, இடையில் காற்று ஓட, தட்டு நிழலில் ஆறிக் கிடக்கும். உடுப்புக் காயப்போடவும் பிள்ளைகள் படிக்கவும் இடமும் கிடைக்கிறது. நகரத்தில் பலர் இதைத் தாமாகவே செய்துவருகிறார்கள். ஆனால் வீடு முடிந்து பல வருடம் வெக்கையில் அவிந்த பிறகு செய்கிறார்கள். தட்டின் பொருட்செலவைக் குறைக்கும் வழி ஒன்றைக் கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கினார். தட்டின் கீழ்ப்பாதியில் கொங்கிறீட் பெரிதாக வலுச் சேர்ப்பதில்லை. அங்கே கம்பிகளுக்கு இடையில் பழைய ஓடுகளைப் பதித்து வார்த்தால் கொங்கிறீட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். ஓட்டுக் கூரைகள் கழற்றி எறியப்படும் நம் ஊரில் அதற்கான மூலப்பொருள் காணிக் கோடிகளில் குவிந்து கிடக்கிறது. பொறியியலாளர் ஒருவர் கணித்துத் தராமல் மட்டும் அதைச் செய்யக் கூடாது.

அஸ்பெஸ்டஸ் கூரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மலிவு, விரைவு, கறையான் பிடிக்காது. ஆனால் வெட்டும்போதும் உடைக்கும்போதும் எழும் நார்த்தூசு நுரையீரலுக்குக் கேடு. உடைந்த தகட்டைப் போடுவதற்குப் பாதுகாப்பான இடமும் நம்மிடம் இல்லை. புதிதாகக் கட்டும் எவருக்கும் அதைப் பரிந்துரைக்க ஒரு நியாயமும் இல்லை. ஏற்கெனவே உள்ளதை ஆணியடித்தும் அறுத்தும் கலைக்காமல், நிறம் பூசி அப்படியே விடுவதே பாதுகாப்பு.

வெயிலின் கோணத்தை வரைபடத்தில் எவரும் குறிப்பதில்லை. குறித்தால் பல கேள்விகளுக்குத் தாமாகவே விடை கிடைக்கும். திருகோணமலை வட அகலாங்கு 8.6 பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள நான்கரை மாதமும், அதாவது வெக்கை மிகுந்த காலம் முழுவதும், அது வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே சாய்கிறது. ஜூன் மாதத்தில் வடக்கே 75 பாகை உயரத்திலும், டிசம்பர் மாதத்தில் தெற்கே 58 பாகை உயரத்திலும் நண்பகல் வெயில் வரும். நான்கடி உயர யன்னலுக்கு நண்பகல் நிழல் கொடுக்க, வடக்குப் பக்கம் ஓரடிக்குச் சற்று மேற்பட்ட மறைப்பும் தெற்குப் பக்கம் இரண்டரை அடி மறைப்பும் போதும். மேற்கிலோ கணக்கு வேறு. மாலை 4 மணிக்குச் சூரியன் ஏறத்தாழ 30 பாகைக்கு இறங்கிவிடுவதால் அதே யன்னலுக்கு ஏழடி நீண்ட மறைப்பு வேண்டும். ஏழடி மறைப்பு என்றால் அது விறாந்தை. நம் முன்னோர் வீட்டைச் சுற்றி விறாந்தை வைத்ததும், பிரட்றிக் கோட்டையை அண்டிய பழைய ஆங்கிலேயர் கால வீடுகள் அகன்ற விறாந்தைகளோடு இருப்பதும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டுத்தான்.

ஆகவே வீட்டின் நீளப்பக்கம் வடக்கும் தெற்கும் பார்க்க, குறுகிய பக்கம் கிழக்கும் மேற்கும் பார்க்க அமைவது நல்லது. காணியின் அமைப்பும் ஒழுங்கையின் திசையும் எல்லோருக்கும் இதை அனுமதிக்காது. மனைச் சாத்திரம் பார்த்து நிலையம் எடுப்பவரின் சொல்லும் இடையில் வரும். கிழக்கு வாசல், தென்கிழக்கில் குசினி என்பவை நம் வெயிலுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லாதவை. கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், பெரிய படுக்கையறை என்ற விதிதான் இவ்வூரில் சிக்கல். பிற்பகல் வெயிலும் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றும் சேர்ந்து தாக்கும் மூலை அது; அந்த அறையில்தான் வீட்டின் முதற் குளிரூட்டி ஏறுகிறது. விதியை மீற மனமில்லாதவர் அந்த அறையின் மேற்குச் சுவரில் யன்னலைத் தவிர்த்து, வெளியே விறாந்தையோ குளியலறையோ பொருட்களறையோ ஒட்டிவைத்து, சற்றுத் தள்ளி வேம்பு ஒன்றை நட்டால் சாத்திரமும் வெப்பவியலும் ஓரளவு ஒத்துப்போகும்.

நிழலுக்காக நீட்டும் தாழ்வாரம் புயலில் கூரைக்கு எமனாகலாம் என்பது இங்கே மறக்கக் கூடாத முரண். காற்று தாழ்வாரத்தின் அடியில் புகுந்து கூரையை மேலே தூக்கும். அதனால் புயல் வலயங்களுக்கான பொறியியல் வழிகாட்டிகள் அதை ஒன்றரை அடியோடு நிறுத்தச் சொல்வதுண்டு. வெயிலோ இரண்டரை அடி கேட்கிறது. இதற்கு வழி, விறாந்தைக் கூரையைப் பெரிய கூரையின் நீட்சியாகப் போடாமல், சற்றுத் தாழ்வாகத் தனித் தீராந்தியில் தாங்கவைப்பது. புயல் வந்தால் விறாந்தை போகலாம். வீட்டின் கூரை நிற்கும். யன்னல்களுக்குத் தனித்தனிக் கொங்கிறீட் மறைப்பும் போடலாம். இருபக்கச் சரிவை விட நாற்பக்கச் சரிவுக் கூரை காற்றை நன்கு தாங்கும். எந்தக் கூரையானாலும் வளையைச் சுவரின் மேற்கட்டோடும், சிலாகையை வளையோடும் இரும்புப் பட்டியால் பிணைப்பது அவசியம். ஆணியை மட்டும் நம்பக் கூடாது. கூரை பறந்து மீண்டும் கட்ட நேரும் வீடு, எவ்வளவு பசுமையாகத் திட்டமிடப்பட்டிருந்தாலும், பொருட்செலவை இரண்டு முறை செய்கிறது.

காற்றைப் பற்றிய அறிவு இவ்வூரில் மீனவரிடம் இருக்கும் அளவுக்கு வீடு கட்டுபவர்களிடம் இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் கச்சான், மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையை இறக்கிவிட்டு, இப்பக்கச் சரிவில் இறங்கும்போது வறண்டு சூடாகி வருகிறது. ஒக்டோபர் கடைசியிலிருந்து வடகிழக்கு வாடை ஈரத்தையும் மழையையும் கொண்டு வருகிறது. யன்னலைத் திறந்து வைத்தால் வீடு குளிரும் என்ற பொதுவிதி கச்சான் பகலுக்குப் பொருந்தாது. அந்த நேரத்தில் மேற்கையும் தெற்கையும் அடைத்து, உள்ளே மின்விசிறியால் காற்றை அசைத்து, கடற்பக்கக் காற்று எழுந்ததும் கிழக்கைத் திறப்பதுதான் சரி. சுவரின் தடிப்பைப் பற்றியும் இதனால் ஒற்றை விடை கிடையாது. ஈரலிப்பான கரையோரத்தில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு குறைவு. தடித்த சுவர் ஆறுவதற்கு இரவு போதாது. கந்தளாய், தம்பலகாமம் எனக் கடலைவிட்டு உள்ளே போகப் போக வேறுபாடு கூடுகிறது. அங்கே தடித்த செங்கற் சுவரும் மண் சுவரும் பகலறைகளைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும். கரையோரத்தில் படுக்கையறைக்கு மெல்லிய, நிழலில் நிற்கும், எதிரெதிரே திறப்புள்ள சுவர்களே ஏற்றவை. பழைய நாற்சார் வீட்டின் நடுமுற்றம் இரண்டுக்கும் பொதுவான விடை. இன்றைய பத்துப் பேர்ச் காணியில் அதற்கு இடமில்லாவிட்டாலும், ஒரே வரிசையில் அறைகளை அடுக்கி இரு பக்கமும் திறப்பு வைப்பதற்கு இடமுண்டு. மின்விசிறி 70 வொட் அளவில் ஓடுகிறது. ஒரு தொன் குளிரூட்டிக்கு ஏறத்தாழ 1,000 வொட் வேண்டும். தோலின்மேல் செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் காற்று ஓடினால் இரண்டு மூன்று செல்சியஸ் குறைந்தது போலத் தோன்றும் என்பதால், கூரைச் சூட்டை மட்டும் அடக்கிவிட்டால் ஆண்டின் பெரும்பாலான இரவுகளை மின்விசிறியோடு கழிக்கலாம்.

நிலாவெளி வீதியில் எழுந்திருக்கும் சில விடுதிகளைப் பார்க்கும்போது இந்த அறிவு எதுவும் மேசைக்கு வந்ததாகத் தெரியவில்லை. கடல் கிழக்கே இருக்கிறது. கடலைக் காட்டுவதற்காகத் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி வைத்தால், காலை வெயில் முழுவதையும் அறைக்குள் அழைத்து, அதை வெளியேற்றக் குளிரூட்டியை ஓட்ட வேண்டும். காட்சியையும் வெயிலையும் பிரிக்க முடியும். தம்புள்ளைக்கு அருகே, திருகோணமலையிலிருந்து இரண்டு மூன்று மணித்தியாலப் பயணத்தில், கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்து 1994 இல் திறந்த கந்தளமை விடுதி நிற்கிறது. மலையைக் குடையாமல் அதன் ஓரமாகவே கட்டடத்தை நீட்டி, நடைபாதைகளைத் திறந்தே விட்டு, முகப்பைச் செடிகொடிக்குக் கொடுத்திருக்கிறார். எதிரேயுள்ள கந்தளமைக் குளத்தின் காட்சி செடிகளுக்கு ஊடாகவே தெரிகிறது. யாரும் குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

சுவருக்கு வருவோம். ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2009 இல் போர் முடிந்த பிறகும் ஆயிரக்கணக்கில் எழுந்த வீடுகள் சீமெந்துக் கல்லைக் கிழக்கின் இயல்பான சுவராக்கிவிட்டன. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த 550,000 ரூபாவுக்குள் வேறு எதை யோசிக்க முடியும் என்று கேட்பது நியாயமே. சீமெந்துக் கல்லுக்கும் கொங்கிறீட்டுக்கும் வேண்டிய மணல் மகாவலியிலிருந்து வருகிறது. ஆற்றின் அடிப்படுகை ஆழமாகும்போது கொட்டியாரக் குடாப் பக்கத்துக் கழிமுகங்களில் உவர்நீர் மேலேறி வரும், கரைகளும் இடிகின்றன. மூதூரிலும் கிண்ணியாவிலும் மணல் என்பது பிழைப்பும் பிணக்குமாக இருப்பது இதனால்தான். செங்கல்லை எலிப்பொறிக் கட்டாக, இடையில் வெற்றிடம் விட்டு நிறுத்திக் கட்டினால் கல்லில் ஏறத்தாழ கால்பங்கு மிச்சம். வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கிறது. சிறிதளவு சீமெந்து சேர்த்து அழுத்திய மண் கல் சூளையே இல்லாமல் ஆகிறது. 2016 இல் வடக்குக்கும் கிழக்குக்கும் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்ற திட்டம் வந்தபோது எழுந்த எதிர்ப்பில், விலையோடு வெக்கையும் ஒரு வாதமாக இருந்தது நினைவிருக்கலாம். உள்ளூர்க் கல்லையும் உள்ளூர் மேசனையும் விட்டுவிட்டுத் தகட்டு வீட்டை இறக்குமதி செய்வது ஏன் என்று அன்று கேட்கப்பட்ட கேள்வி, சூழல் கேள்வியும்தான்.

நீரைப் பொறுத்தவரை ஒரு விடயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். திருகோணமலையில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதன் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். 100 சதுர மீற்றர் கூரையில், வீணாவது போக, ஆண்டுக்கு 125,000 லீற்றர் அளவு பிடிக்கலாம் என்று கணக்குச் சொல்லும். ஆனால் 5,000 லீற்றர்த் தாங்கி 63 மில்லிமீற்றர் மழையிலேயே நிரம்பிவிடுகிறது. மாரியில் அது ஒரு நாள் மழை. ஆகவே வழியும் நீரை வீதிக்கு விடாமல், வடிகட்டிக் கிணற்றடி மணலுக்குள் இறக்குவதுதான் இங்கே முதன்மையான வேலை. கரையோர மணலில் நன்னீர் உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதிகம் இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். 2004 டிசம்பருக்குப் பிறகு கிழக்குக் கரையில் கிணறுகளை இறைத்து இறைத்துத் துப்புரவாக்க முயன்ற இடங்களில் இது நடந்தது. வளவு முழுவதையும் கொங்கிறீட்டாலும் பதிகல்லாலும் மூடும் பழக்கம் அந்த நன்னீர்ப் படையைப் பட்டினி போடுகிறது. மேலும் முற்றத்தின் சூட்டை யன்னலுக்குள் அனுப்புகிறது.

கடைசியாக, கட்டடத்தின் ஆயுள். அறுபது வருடம் நிற்கும் வீட்டின் காபன் கணக்கை அறுபதால் வகுக்கலாம்; இருபத்தைந்து வருடத்தில் கம்பி துருப்பிடித்துத் தட்டு உதிர்ந்தால் அதே கணக்கு இரண்டு மடங்குக்கு மேலாகிறது. கடலோர வீடுகளில் கூரைத்தட்டின் அடி பொருக்குப் பொருக்காக உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் உப்பு: கழுவாத மணல், கலவைக்கு ஊற்றிய உவர்க் கிணற்று நீர், போதாத மேற்படை. கடலுக்கு அண்மையில் கம்பிக்கு வெளியே 40 முதல் 50 மில்லிமீற்றர் கொங்கிறீட் இருக்க வேண்டும். சல்லிக்கல் ஒன்றைக் கம்பிக்கடியில் செருகி அதன்மேல் வார்க்கும் பழக்கத்தில் அதில் பாதியும் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாகச் செருக, அளவாக வார்த்த சீமெந்துத் துண்டுகளை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ள மேசனுக்கு அரை நாள் போதும். கச்சான் வீசும் மாதங்களில் வார்த்த தட்டு மேலே காய்ந்து வெடிக்காமலிருக்க, நனைந்த சாக்குப் போட்டுக் குறைந்தது பத்து நாள் ஈரம் காக்க வேண்டும். கலப்புச் சீமெந்தானால் இன்னும் சில நாள். மேல்மாடிக்கென்று நீட்டிவிட்ட கம்பிகளைச் சீமெந்துப் பாலில் தோய்த்து மெலிந்த கொங்கிறீட்டால் மூடிவிடுவதும், எந்தக் கலவையிலும் ஊற்றும் முன் கிணற்று நீரை வாயில் விட்டு உப்புப் பார்ப்பதும் வரைபடத்தின் ஓரத்தில் எழுதப்பட வேண்டிய குறிப்புகள். இப்போது அந்த இடத்தில் அறைகளின் நீள அகலம் மட்டுமே இருக்கிறது.